அடுத்த பதிப்பு வரும்வரை

1

போர்டு கேம் வாங்குகிறவர்களிடையே ஒரு கேள்வி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போதே வாங்கலாமா, புதிய பதிப்பு வரும்வரை பொறுக்கலாமா? கேட்பதற்கு இது பணப்பை சம்பந்தப்பட்ட கேள்வி. நாற்பது, ஐம்பது யூரோ விவகாரம். இதில் அறம் எங்கே வருகிறது என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரித்துப் பார்த்தால் இதற்குள் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு பொருள் எப்போது முழுமையடைகிறது? நாம் காத்திருக்கும் காலத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்? காத்திருந்தது வந்துசேரும்போது அதை அனுபவிக்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருப்பார்களா?

நான் வசிக்கும் ஜெர்மனியில் போர்டு கேம் குழந்தைகள் சமாச்சாரம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவது இங்கே சாதாரண வழக்கம். 1979 முதல் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். விருது பெற்ற பெட்டியின் மேல் அந்தச் சின்னம் இருந்தால் கிறிஸ்துமஸுக்கு அது குவியலாக விற்கும். அக்டோபரில் எஸ்ஸென் நகரத்தில் பெரிய விளையாட்டுச் சந்தை கூடுகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே 'புதிய பதிப்பு' என்ற சொல் காற்றில் இருக்கும். வாங்கலாமா, பொறுக்கலாமா என்ற கேள்வி அப்போதுதான் உச்சத்துக்கு வரும்.

2

முதலில், புதிய பதிப்பு என்பது உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். எல்லாப் பதிப்பும் ஒரே ரகம் அல்ல.

கத்தானை எடுத்துக்கொள்வோம். பல் தொழில்நுட்பராக வேலை பார்த்த கிளவுஸ் டோய்பர் உருவாக்கியது. 1995இல் ஸ்டுட்கார்ட்டின் கோஸ்மோஸ் பதிப்பகம் வெளியிட்டது. அந்த ஆண்டின் விருதும் அதற்குத்தான். அதற்குப் பிறகு ஓவியங்கள் மாறின, பெட்டி மாறியது, 2015இல் பெயர் கூடச் சுருங்கி வெறும் 'கத்தான்' ஆயிற்று. முப்பதாவது ஆண்டான 2025இல் மீண்டும் ஒரு புதிய பதிப்பு வந்தது. ஆனால் பகடையை உருட்டி, மரமும் செங்கல்லும் கம்பளியும் வாங்கி, பக்கத்து ஆளிடம் பேரம் பேசி, வழி போட்டு, வீடு கட்டும் அந்த ஆட்டம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. 1995இல் 'இன்னும் மெருகேறட்டும்' என்று ஒருவர் பொறுத்திருந்தால், முப்பது ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்திருப்பது அழகான படமும் ஒழுங்கான பெட்டியும்தான்.

டொமினியன் வேறு ரகம். 2008இல் வந்த சீட்டாட்டம் அது. லட்சக்கணக்கானவர்கள் ஆடிப் பார்த்த பிறகு, சில சீட்டுகளை யாரும் சீண்டுவதில்லை, சில சீட்டுகள் ஆட்டத்தை இழுத்தடிக்கின்றன என்பது தெரிந்தது. 2016இன் இரண்டாம் பதிப்பில் 6 சீட்டுகளை எடுத்துவிட்டு 7 புதிய சீட்டுகளைச் சேர்த்தார்கள். இது உண்மையான திருத்தம். பொறுத்தவருக்கு நல்ல ஆட்டம் கிடைத்தது.

அக்ரிகோலா மூன்றாவது ரகம். ஊவே ரோசன்பெர்க்கின் விவசாய விளையாட்டு, 2007. வயல் உழுது, வேலி போட்டு, ஆடு மாடு வளர்த்து, அறுவடைக்கு அறுவடை குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும். முதல் பதிப்பில் ஐந்து பேர் ஆடலாம். 2016இன் திருத்திய பதிப்பில் நான்கு பேர்தான். ஐந்தாவது ஆளுக்குத் தனியாக ஒரு விரிவாக்கப் பெட்டி வாங்க வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் பொறுமையோடு காத்திருந்த தகப்பன் கடைசியில் மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழந்தார். புதியது எப்போதும் பெரியது என்ற நம்பிக்கைக்கு இது ஒரு நல்ல மறுப்பு.

ஆக, ஒரு பதிப்பு சட்டையை மாற்றுகிறது, ஒன்று பிழையைத் திருத்துகிறது, ஒன்று கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 'புதிய பதிப்புக்குக் காத்திருக்கிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது இந்த மூன்றில் எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. திருக்குறளில் காலமறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பொறுத்திருக்கச் சொல்லும்போது வள்ளுவர் காட்டுவது கொக்கை. கொக்கு எதற்காக நிற்கிறது என்று கொக்குக்குத் தெரியும். வந்தவுடன் கொத்தவும் செய்யும். மீன் இன்னது என்று தெரியாமல் ஆற்றில் நின்றுகொண்டிருப்பதற்கு அந்த அதிகாரத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

3

நான்காவதாக ஒரு ரகம் உண்டு. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

2002இல் வந்த 'புவேர்ட்டோ ரிக்கோ' பல ஆண்டுகள் உலகின் மிகச் சிறந்த போர்டு கேம்களில் ஒன்றாகக் கொண்டாடப்பட்டது. ஆடுபவர்கள் தோட்ட முதலாளிகள். கரும்பு, அவுரி, புகையிலை, காப்பி பயிரிட்டுக் கப்பலில் ஏற்ற வேண்டும். தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே? அதற்கு ஒரு கப்பல் வரும். அதில் பழுப்பு நிறச் சின்ன மர வட்டுகள் இருக்கும். அவற்றை எடுத்துத் தோட்டத்தில் வைக்க வேண்டும். விதிப்புத்தகம் அவற்றைக் 'குடியேறிகள்' என்று அழைத்தது.

என் மகளுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. இரண்டு சுற்று ஆடிவிட்டு, "இந்தப் பிரவுன் காய்ங்க எல்லாம் யாருப்பா?" என்றாள். விதிப்புத்தகத்தின் பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரீபியத் தீவில், அந்தக் காலத்தில், கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் இறக்கப்பட்டவர்கள் யார் என்பது உலகத்துக்கே தெரியும். அடிமைமுறை புவேர்ட்டோ ரிக்கோவில் 1873இல்தான் ஒழிக்கப்பட்டது. அதைச் சொன்னேன். பிறகு மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும், இலங்கை மலையகத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகளின் பின்னாலும் போன நம்மவர்களைப் பற்றியும் சொன்னேன். அடிமையும் கூலியும் ஒன்றல்ல. ஆனால் முதலாளியின் கணக்கேட்டில் இருவருமே எண்ணிக்கைதான். வட்டுகள்தான். இந்த இதழை வாசிப்பவர்களில் அந்த வட்டுகளின் பேரப்பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள்.

2022இல் அதே விளையாட்டு 'புவேர்ட்டோ ரிக்கோ 1897' என்ற பெயரில் மறுபடி வந்தது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, ஸ்பெயின் அந்தத் தீவுக்குத் தன்னாட்சி வழங்கிய ஆண்டுக்குக் கதையை நகர்த்திவிட்டார்கள். ஆட்டத்தின் கணக்கு பெரிதாக மாறவில்லை. வட்டுகள் யார் என்பது மாறியது.

இந்த மாதிரிப் பதிப்புக்குக் காத்திருப்பதில் ஓர் அற நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். மனசாட்சி உறுத்தும் பொருளை வாங்காமல் இருப்பது பணத்தை மிச்சம் பிடிப்பதிலிருந்து வேறானது. ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. பழைய பெட்டிதான் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கியது. புதிய பெட்டியில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. உறுத்தாத பொருள் உறுத்தாமலே போய்விடுகிறது. ஆகவே பழைய பதிப்பைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லப் பெரியவர் ஒருவர் இருந்தால், பழையதும் பாடம்தான்.

4

நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையில் இதே கேள்வி வேறு உடையில் வருகிறது. நிறுவனங்களின் கணக்கு, கிடங்கு, சம்பள மென்பொருள்களைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றித் தருவது என் தொழில். "இப்போதே மாறலாமா, அடுத்தது வரட்டுமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். எஸ்ஏபியின் பழைய ஈசிசி மென்பொருளுக்கு 2025 வரைதான் பராமரிப்பு என்று சொல்லியிருந்தார்கள். 2020இல் அதை 2027 இறுதிவரை நீட்டித்தார்கள். அவசரப்பட்டு மாறியவர்கள் முகம் சுளித்தார்கள். பொறுத்தவர்கள் சிரித்தார்கள். என் தொழிலில் எழுதப்படாத ஒரு விதி உண்டு: புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் இருக்கும் பதிப்பை நம்பாதே. முதல் திருத்தம் வரட்டும்.

மென்பொருளுக்கு இந்த விதி சரி. அங்கே மென்பொருள் ஒரு கருவி. சம்பளப் பட்டியல் மாதக் கடைசியில் பிழையில்லாமல் வர வேண்டும். இன்னும் வேகமாக, இன்னும் குறைந்த ஆட்களோடு வந்தால் இன்னும் நல்லது. செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று வெளியே இருக்கிறது. கருவி அதற்கு உதவுகிறது. நல்ல கருவிக்குப் பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

விளையாட்டு அப்படி இல்லை. கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட தன் நூலில் இதைத் தெளிவாக விளக்கினார். விளையாடுவது என்பது தேவையில்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வது. கோல்ஃப் பந்தைக் குழியில் போடுவதுதான் நோக்கம் என்றால் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம். யாரும் அப்படிச் செய்வதில்லை. ஏனென்றால் பந்து குழியில் விழுவது யாருக்கும் தேவையில்லை. அதை மட்டையால் அடித்துக்கொண்டு போவதுதான் தேவை.

இதை ஏற்றுக்கொண்டால் ஒன்று புரிகிறது. கருவியின் பதிப்புகளை ஒப்பிடும் அளவுகோலால் விளையாட்டின் பதிப்புகளை ஒப்பிட முடியாது. 'இன்னும் திறமையாக' கத்தான் ஆடுவதற்கு என்ன பொருள்? ஒரு மணி நேர ஆட்டம் அரைமணியில் முடிந்தால் அது லாபமா, நஷ்டமா? எங்களைப் போன்றவர்கள் அலுவலகத்தில் பழகிய பழக்கத்தை வீட்டு மேசைக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். எல்லாவற்றையும் பதிப்பு எண்ணால் பார்க்கிறோம். தொலைபேசி, கார், குழந்தையின் பள்ளி, ஏன், சில நேரம் மனிதர்களையும்.

விளையாட்டுக்குப் புதிய பதிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சதுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டத்தில் நம் மந்திரி மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென் ஐரோப்பாவில் அந்தக் காய்க்குப் பலகை முழுக்க ஓடும் பலம் வந்தது. இன்று உலகம் ஆடுவது அந்தப் பதிப்பைத்தான். அது நல்ல மாற்றம். ஆனால் அதற்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் மந்தமான மந்திரியோடு ஆடியவர்கள் யாரும் அரைகுறை ஆட்டம் ஆடியதாக நினைக்கவில்லை. அவர்களுக்கு அது முழு ஆட்டம்.

5

இனி செலவுக் கணக்கு. விலை ஏறுமா, இறங்குமா என்ற கணக்கை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். பெரும்பாலான பெட்டிகள் சீனாவில் தயாராகின்றன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கான வரியை 145 சதவீதம் வரை ஏற்றி, அடுத்த மாதமே இறக்கியபோது, இதையெல்லாம் முன்கூட்டிக் கணிக்க முடியும் என்ற நம்பிக்கை பலருக்குப் போய்விட்டது. நான் கேட்க விரும்பும் செலவு வேறு. நான் பொறுக்கும்போது யார் பொறுக்கவில்லை?

டொமினியனின் அந்த 6 சீட்டுகள் சரியில்லை என்று எப்படித் தெரிந்தது? முதல் பதிப்பை முழு விலைக்கு வாங்கி, வருடக்கணக்கில் ஆடி, சலித்து, சொன்னவர்களால் தெரிந்தது. இரண்டாம் பதிப்பு அச்சேறப் பணம் எங்கிருந்து வந்தது? முதல் பதிப்பு விற்றதால் வந்தது. எல்லோரும் 'இரண்டாம் பதிப்பு வரட்டும்' என்று உட்கார்ந்திருந்தால் இரண்டாம் பதிப்பு என்று ஒன்று வந்தே இருக்காது. பொறுத்திருப்பவரின் சாமர்த்தியம் பொறுக்காதவர்கள் கொடுத்த பணத்தின் மேல் நிற்கிறது.

முதல் பந்தியில் உட்காருகிறவர்கள்தான் சாம்பாரில் உப்புக் குறைவு என்று கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாம் பந்தியில் உட்காருகிறவர் சரியான சாம்பார் சாப்பிடுகிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. யாராவது இரண்டாவது பந்தியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் திட்டம் போட்டு இரண்டாம் பந்திக்கே வருகிறவர், முதல் பந்திக்காரர்களை 'அவசரக்குடுக்கைகள்' என்று சொன்னால் அது நன்றாக இருக்காது.

இந்தக் கடன் பதிப்பகங்களுக்கும் உண்டு. முதலில் வாங்கியவர்களைச் சோதனை எலிகளாக வைத்துக்கொண்டு, திருத்திய பெட்டியை மறுபடியும் முழு விலைக்கு விற்பது நேர்மையில் குறைந்தது. டொமினியன் விஷயத்தில் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்காகப் புதிய சீட்டுகளை மட்டும் தனிப் பொட்டலமாக விற்றார்கள். அது மரியாதை. அப்படி ஒரு பொட்டலம் கிடைக்கும் என்று தெரிந்தால் முதலில் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. நல்ல பெட்டி இருக்கும்போது ஓவியத்துக்காக மட்டும் இன்னொரு பெட்டி வாங்குவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டையும் பிளாஸ்டிக்கும் கடைசியில் எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியும்.

கையில் காசு குறைவாக உள்ளவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பொறுப்பது சாமர்த்தியம் அல்ல, சிக்கனம். அவரிடம் நான் எந்தக் கணக்கும் கேட்கவில்லை. அவருக்கு வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் நகர நூலகங்கள் பலவற்றில் புத்தகம் போலவே விளையாட்டுப் பெட்டியும் இரவல் தருகிறார்கள். புதிய பதிப்பு அறிவிக்கப்பட்டால் பழைய பெட்டிகள் ஞாயிறு சந்தையில் ஐந்து யூரோவுக்கும் எட்டு யூரோவுக்கும் கிடைக்கும். மற்றவர்கள் புதியதற்கு ஓடும்போது பழையது இறங்கி வருகிறது. வாங்குவதா, பொறுப்பதா என்ற இரண்டே வழிகள்தான் என்று கேள்வி நம்மை நம்பவைக்கிறது. இரவல் என்ற மூன்றாவது வழியை அது மறைத்துவிடுகிறது.

6

கணிதத்தில் ஒரு புகழ்பெற்ற கணக்கு உண்டு. ஒரு வேலைக்கு வரிசையாக ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரையும் பார்த்த கையோடு எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். விட்டவர் திரும்ப வர மாட்டார். எப்போது நிறுத்துவது? முதல் 37 சதவீதம் பேரை வெறுமனே பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அவர்கள் எல்லோரையும் விடச் சிறந்தவர் வந்தவுடன் எடுத்துக்கொள் என்பது விடை. கணினித் துறைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். வீடு பார்ப்பதற்கும் பெண் பார்ப்பதற்கும்கூட இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதைப் போர்டு கேமுக்குப் பொருத்தினால் இடிக்கிறது. மொத்தம் எத்தனை பதிப்பு வரும் என்று நமக்குத் தெரியாது. விட்ட பதிப்பு பெரும்பாலும் பழைய பொருள் சந்தையில் திரும்பக் கிடைக்கும். ஆக, பெட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களுக்குப் பொருந்துகிறது. அவர்களுடைய எண்ணிக்கையும் காலமும் ஓரளவு தெரியும். போனவர்கள் திரும்ப வர மாட்டார்கள்.

என் மகளுக்கு இப்போது 14 வயது. 18 ஆனதும் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விடுவாள். நான்கு ஆண்டுகள், 208 ஞாயிறுகள். அவளுடைய கைப்பந்து, தேர்வு, தோழிகள், தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா எல்லாம் போக எங்களுக்கு எத்தனை மிஞ்சும் என்று நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து என் அம்மா வந்தால் விசா 90 நாள். 12 ஞாயிறு, அதிர்ஷ்டம் இருந்தால் 13. ஒரு நல்ல விளையாட்டின் திருத்திய பதிப்பு அடுத்த இலையுதிர்காலத்தில் வரப்போகிறது என்பது உண்மையாக இருக்கலாம். அம்மாவின் 90 நாள் இந்தக் கோடையில் முடிகிறது.

அம்மாவுக்கு ஜெர்மனும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதனால் எழுத்தில்லாத விளையாட்டாகத் தேட வேண்டியிருந்தது. 'அசூல்' கிடைத்தது. 2018இல் ஜெர்மன் விருது வாங்கியது. வண்ண வண்ண ஓடுகளை ஒரே நிறமாக அள்ளி எடுத்துத் தன் பலகையில் அடுக்க வேண்டும். தேவைக்கு மேல் அள்ளினால் மிச்சம் தண்டனை. அம்மா இரண்டே ஆட்டத்தில் பிடித்துக்கொண்டார். குழியில் இருப்பதை எல்லாம் ஒரே கையில் அள்ளுவது அவருக்குப் புதிதா என்ன? பல்லாங்குழி ஆடி வளர்ந்த கை. மூன்றாவது ஆட்டத்திலிருந்து, தனக்கு வேண்டியதை எடுப்பதைவிடப் பேத்திக்கு வேண்டாததை அவள் பக்கம் தள்ளிவிடுவதில் குறியாக இருந்தார்.

"அப்பத்தா, இதுக்கு இன்னும் நல்ல வெர்ஷன் ஒண்ணு வரப்போகுதாம்" என்றாள் மகள்.

"வரட்டும். வந்தா அத அப்ப ஆடிக்கலாம். இப்ப நீ எடு தாயி" என்றார் அம்மா.

பிறகு பேச்சு பல்லாங்குழிக்குப் போனது. ஒரு குழிக்கு ஐந்து முத்தா, ஆறு முத்தா என்று மகள் கேட்டாள். ஏதாவது ஒரு விதிப்புத்தகத்தில் இருக்கும் என்பது அவள் எண்ணம். அம்மாவின் பதில், அது வீட்டுக்கு வீடு மாறும் என்பது. அவர் பிறந்த வீட்டில் ஒரு கணக்கு, வாழ்க்கைப்பட்ட தெருவில் இன்னொரு கணக்கு. குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது பசு. பசுவை யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்பதிலும் தகராறு உண்டு. உட்காரும்போதே "எங்க ஊரு ஆட்டமா, உங்க ஊரு ஆட்டமா?" என்று பேசிக்கொள்வார்கள். பேசி முடித்ததும் புளியங்கொட்டையை எண்ணிப் போடுவார்கள்.

நம் பழைய விளையாட்டுகளுக்குப் பதிப்பகம் இல்லை, ஆகவே பதிப்பும் இல்லை. ஆடு புலி ஆட்டத்துக்கான கோடுகளைக் கோயில் மண்டபத் தரையில் யார் கீறினார்கள் என்று யாருக்கும் தெரியாது. விதியில் குறை தெரிந்தால் ஆடுகிறவர்களே பேசித் திருத்திக்கொண்டார்கள். அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. அச்சிட்ட விதிப்புத்தகம் வந்தபோது நமக்கு ஒழுங்கு கிடைத்தது. அந்த உரிமை கொஞ்சம் கைநழுவியது. அக்ரிகோலாவில் நீளமாக இழுக்கும் ஒரு கட்டம் பிடிக்கவில்லையா? மேசையில் உள்ளவர்கள் ஒப்புக்கொண்டால் அதை மாற்றி ஆடலாம். யாரும் கைது செய்ய மாட்டார்கள். பல ஆண்டுகள் சோதித்து உருவாக்கியவரின் சமநிலை அதனால் கெட்டுப்போகலாம் என்பது உண்மைதான். கெட்டால் அடுத்த ஞாயிறு பழையபடி ஆடிக்கொள்ளலாம்.

7

புலம்பெயர்ந்தவர்களுக்குப் பொறுத்திருப்பது ஒரு தனிப் பழக்கம். என்னைப் போல் படிக்க வந்து தங்கிவிட்டவர்களின் முதல் பத்தாண்டுகளை நினைத்துப் பாருங்கள். 'எப்படியும் திரும்பப் போகிறோம்' என்று நல்ல கட்டில் வாங்காமல் தரையில் மெத்தை போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்? சுவரில் ஆணி அடிக்காமல் குடியிருந்தவர்கள் எத்தனை பேர்? நிரந்தர வசிப்பு வரட்டும், பிறகு. வீடு வாங்கட்டும், பிறகு. அந்தப் 'பிறகு'க்குள் பிள்ளைகள் பள்ளியை முடித்துவிடுகிறார்கள். நம் வாழ்க்கையின் முதல் பதிப்பைச் சோதனை ஓட்டம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டிவிடுகிறோம்.

இதைச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. போரில் தப்பி இங்கே வந்த ஈழத் தமிழர்கள் பலருக்குக் காத்திருப்பு ஒரு மனப்பான்மை அல்ல. டுல்டுங் என்ற தற்காலிகத் தாளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, வேலை செய்யலாமா, ஊர் தாண்டலாமா என்று அரசாங்கத்தின் பதிலுக்கு வருடக்கணக்கில் உட்கார வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் போய் 'இந்தக் கணத்தில் வாழுங்கள்' என்று சொல்வது அபத்தம். திணிக்கப்பட்ட காத்திருப்புக்கும் நாமே தேர்ந்துகொள்ளும் காத்திருப்புக்கும் பெயர் ஒன்றாக இருப்பது மொழியின் வறுமை. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டும். தேர்ந்துகொள்ளும் வசதி நமக்கு இருக்கிறது என்பதே அதைப் பற்றிக் கவலைப்பட ஒரு காரணம்.

மறுபக்கமும் இருக்கிறது. 'இப்போதே வாங்கு' என்பதும் விடை ஆகிவிடாது. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அலமாரி நிறையப் பெட்டிகள். கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காமல். 2017இல் வந்த 'க்ளூம்ஹேவன்' ஏறத்தாழ 10 கிலோ எடை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள். வாரம் ஒன்று ஆடினாலும் இரண்டு வருடம் ஆகும். அதை வாங்கி வைத்துவிட்டு, இன்னும் தொடங்காமலே, 2023இல் இரண்டாம் பதிப்புக்கான கூட்டு நிதி திரட்டலிலும் பணம் கட்டியவர்கள் உண்டு. அவர்கள் வாங்கியவர்களா, காத்திருப்பவர்களா? வாங்கிவிட்டுத் திறக்காமல் வைப்பதும் காத்திருப்புதான். கொஞ்சம் அதிகச் செலவு வைக்கும் காத்திருப்பு. பெட்டியோடு சேர்த்து, அதை ஆடப்போகும் ஓய்வான, நண்பர்கள் சூழ்ந்த இன்னொரு மனிதனையும் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே என் பதில் இது. யாராவது இந்தக் கேள்வியோடு வந்தால் அவரிடம் மூன்று விஷயம் கேட்பேன். நீங்கள் காத்திருக்கும் பதிப்பு எதைத் திருத்துகிறது, எப்போது வருகிறது என்று தெரியுமா? தெரியும், திருத்தம் பெரியது, தேதி பக்கத்தில் என்றால் பொறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டாவது, இப்போது இருக்கும் பெட்டியை இரவலாகவோ, பழையதாகவோ பெற வழி இருக்கிறதா? இருந்தால் கேள்வியே பாதி கரைந்துவிடும். மூன்றாவதுதான் முக்கியம். இந்த ஞாயிறு உங்களோடு உட்காரப்போவது யார்? பெயர் சொல்ல முடிந்தால் வாங்குங்கள், அது எத்தனையாவது பதிப்பாக இருந்தாலும். பெயர் சொல்ல முடியாவிட்டால் வாங்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். முதலில் யாரையாவது சாப்பிடக் கூப்பிடுங்கள்.